வரவேற்பு மேசையில் மூன்று தாத்தாக்கள்

1

எங்கள் அலுவலகத்தில் இனிமேல் ஓணத்துக்குப் பூக்களம் கிடையாது. தீபாவளிக்கு விளக்கு கிடையாது. கிறிஸ்துமஸ் மரமும் ஈத் பெருநாளின் பேரீச்சம்பழத் தட்டும்கூடக் கிடையாது. வரவேற்பறையில் இவற்றுக்காகவே போட்டிருந்த மேசையை எடுத்துவிட்டார்கள். சேதுராமனால்தான் எல்லாம் போயிற்று என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், என்னால்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், மனுஷன் கடைசியில் மனம் மாறியிருப்பான் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புஜைரா, அமீரகத்தின் கிழக்குக் கரை. ஒரு பக்கம் மொட்டை மலை, மறு பக்கம் கடல், நடுவில் எண்ணெய்த் தொட்டிகள். கடலில் டாங்கர் கப்பல்கள் நங்கூரம் போட்டு முறை காத்து நிற்கும். ஒரு கப்பலில் எவ்வளவு எண்ணெய் ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அளந்து சான்று கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். நான் அளப்பவன் அல்ல. அளக்கப் போகும் சர்வேயர்களின் விசா, அடையாள அட்டை, துறைமுக பாஸ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் என் வழியாகப் போகும். பண்டிகை மேசையை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு நானாக ஒரு விளக்கு வைத்தேன். அதோடு பொறுப்பு ஒட்டிக்கொண்டது.

2

கேப்டன் வலேரி ரஷ்யர். கப்பலை விட்டு இறங்கி எங்களிடம் சர்வேயர் வேலைக்கு வந்தவர். மும்பை மாலுமிகளோடு பல வருஷம் ஓடியதில் "அச்சா", "சலோ" எல்லாம் சரளமாக வரும். என்னை "சேது பாய்" என்பார். இங்கே எங்கள் பேச்சு ஆங்கிலமும் ஹிந்தியும் கொஞ்சம் அரபியும் கலந்து ஓடும். நான் எல்லாவற்றையும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் என் இடத்துக்கு வந்தார்.

"சேது பாய், மே ஒன்பதாம் தேதி எங்கள் ஊரில் என்ன செய்வோம் தெரியுமா? யுத்தத்துக்குப் போன தாத்தாவின் படத்தைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்போம். ஊரே நடக்கும். இங்கே நான் ஒருத்தன் எங்கே நடப்பது? உன் மேசையில் ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டுமா?"

"ஒரு நாள் என்ன, ஒரு வாரம் இருக்கட்டும்" என்றேன்.

படத்தைக் காட்டினார். காது விடைத்த ஓர் இளைஞன், தொப்பியைச் சாய்த்து வைத்திருந்தான். கிராமத்தில் டிராக்டர் ஓட்டியவனாம். நாற்பத்து நான்காம் வருஷத்து இலையுதிர் காலத்தில் லாட்வியாவின் தலைநகரான ரீகாவைப் பிடிக்க நடந்த சண்டையில், ஊருக்கு வெளியிலேயே செத்துப்போனான். வலேரியின் அப்பா அவனைப் பார்த்ததே இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து எண்பது வருஷம் ஆயிற்று, வீட்டில் யாராவது அந்த யுத்தத்துக்குப் போயிருந்தால் படம் கொண்டுவரலாம் என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பிலிப்பைன்ஸ்காரர்கள் படம் இல்லை என்றார்கள். மலையாளிகள் பாயசம் உண்டா என்று கேட்டார்கள். படம் கொண்டுவந்தது ஐவார்ஸ் மட்டும்தான். அவர் லாட்வியாக்காரர், ரீகாவிலேயே பிறந்தவர், எங்கள் சர்வேயர்களில் மூத்தவர். பழுப்புத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"இதையும் வைப்பாயா?"

"ஏன் வைக்க மாட்டேன்?"

"நிச்சயமாகவா?"

எதற்கு இரண்டு தடவை கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது படம் என்னுடையது. என் அப்பாவைப் பெற்ற தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதினார். ஜப்பான்காரன் அங்கே வந்ததும், வெள்ளைக்காரனை இந்தியாவை விட்டு விரட்ட அங்கே திரட்டிய நம்மவர்களின் படையில் சேர்ந்தார். அந்தப் படை ஜப்பானோடு சேர்ந்து போரிட்டது. தோற்றது. தாத்தா சிறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பட்டுக்கோட்டையில் சித்தப்பா ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றியதும் இந்தக் கதையைப் பேசுவார். மூலப்படம் அவரிடம், பிரதி என்னிடம்.

3

பூவுக்கு துபாய்தான் போக வேண்டும். காகித வேலையாக அங்கே போகும் எங்கள் டிரைவர் முருகேசனிடம் இரண்டு மாலை வாங்கிவரச் சொல்லியிருந்தேன். சொன்னபோது இருந்தவை இரண்டு படங்கள். ஐவார்ஸ் பிறகுதான் கொண்டுவந்தார்.

நம் வீட்டில் இறந்தவர் படத்துக்கு என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். நெற்றிக்கு நேராகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். என் தாத்தாவின் சட்டம் பெரியது, ஒரு மாலையை முழுதாக வாங்கிக்கொண்டது. மற்ற இரண்டும் சின்னவை, ஒரே உயரம். அவற்றை ஒட்டி நிறுத்தி, மிச்சமிருந்த ஒரு மாலையை இரண்டுக்கும் சேர்த்துப் போட்டேன்.

முருகேசன் அறந்தாங்கிக்காரர். "என்னண்ணே இது, ஒரே மாலையில ரெண்டு பேரு? புருஷன் பொஞ்சாதிக்குல்ல இப்புடிப் போடுவாங்க" என்றார்.

"பூ பத்தலப்பா."

"ரெண்டுன்னு சொன்னது நீங்க. என்னையச் சொல்லப்புடாது."

முன்னால் ஓர் அட்டையும் வைத்தேன். 'நம் குடும்பங்களின் விடுதலைப் போராட்ட வீரர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நம் பக்கத்தில் அந்தக் காலத்துத் தாத்தா ஒருவர் ராணுவச் சட்டையில் நின்றால் அவர் தியாகி. வேறு வகை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் வலேரி சாக்லேட் பெட்டியோடு வந்தார். பொட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பாருங்கள், என் தாத்தா இந்தியர் ஆகிவிட்டார்!" என்று வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பக்கத்துப் படத்தைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது யார்?"

"ஐவார்ஸின் தாத்தா."

"தொப்பியில் என்ன இருக்கிறது, பார்த்தாயா?"

பார்த்தேன். தொப்பியின் முன்பக்கம் ஒரு சிறு மண்டையோடு. அதற்கு நேர் கீழே என் குங்குமம். கழுத்துப்பட்டியிலும் ஏதோ சின்னம். முதல்நாள் நான் நெற்றி எங்கே வருகிறது என்று பார்த்தேனே தவிர, அதற்கு மேலேயும் கீழேயும் பார்க்கவில்லை.

"நாஜிகளின் சீருடை" என்றார் வலேரி. "இந்தச் சட்டைக்காரர்கள் எங்கள் கிராமங்களை ஆட்களோடு சேர்த்து எரித்தார்கள். யூதர்களைக் குழி விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். அவனுக்கும் என் தாத்தாவுக்கும் ஒரே மாலையா?"

அந்த நேரம் பார்த்து ஐவார்ஸ் கப்பலிலிருந்து திரும்பி உள்ளே வந்தார். எண்ணெய் பட்ட உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"பத்தொன்பது வயது அவருக்கு" என்றார். குரல் உயரவில்லை. "ஜெர்மன்காரனிடமிருந்து சீட்டு வந்தது. போகாவிட்டால் சிறை, ஓடினால் சுடுவான். அதே ரீகாச் சண்டையில் காணாமல் போனார். அவர் யாரையும் குழியில் நிறுத்தவில்லை."

"எல்லாப் பேரனும் இதைத்தான் சொல்கிறான்."

"உன் தாத்தா எங்கள் ஊருக்கு எதற்கு வந்தார்?"

"உங்களை விடுவிக்க."

"முதல் தடவை எங்களை நீங்கள் விடுவித்தது நாற்பதாம் வருஷம். அடுத்த ஜூன் மாதமே என் அம்மாவின் அப்பாவைச் சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினீர்கள். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அம்மா அப்போது கைக்குழந்தை. அவர் வரவே இல்லை. அதன் பிறகு ஐம்பது வருஷம் எங்களை விடுவித்துக்கொண்டே இருந்தீர்கள்."

"என் தாத்தா யாரையும் ரயிலில் ஏற்றவில்லை. டிராக்டர் ஓட்டியவர். உன் ஊர் வாசலில் செத்தார். அவர்களுக்கு வைத்த நினைவுத் தூணையும் இடித்துத் தள்ளினீர்கள்."

"இடித்தோம். அது எங்கள் ஊர்."

"சார், கிளையன்ட் வெயிட் பண்றாங்க" என்றாள் வரவேற்புப் பெண். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள்.

நான் மாலைகளை எடுத்தேன், மூன்று படத்திலும். கண்ணாடியிலிருந்த பொட்டுகளையும் ஈரத்துணியால் துடைத்தேன். அட்டையைக் கிழித்தேன். மாலை ஒரு மரியாதை. அந்த மண்டையோட்டுக்கு நான் மரியாதை செய்ய முடியாது என்பது எனக்குத் தெளிவாகவே இருந்தது. மாலையும் அட்டையும் என் கை வேலை, எடுக்க எனக்கு உரிமை உண்டு. படங்கள் அவரவருடையவை. அவற்றைத் தொடவில்லை.

முருகேசன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு சுட்டவங்களாண்ணே?"

"அதே ஊர், அதே மாசம். இருக்கலாம்."

"அட ஆண்டவா" என்றார். "அவுங்களுக்கா நான் மாலை தேடி அலைஞ்சேன்."

4

எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். ஐவார்ஸின் விசாவைப் புதுப்பித்தபோது, விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில் இருந்த பையன், பழைய பிறப்புச் சான்றிதழில் சோவியத் யூனியன் என்று இருப்பதைப் பார்த்து, பிறந்த நாடு என்ற கட்டத்தில் ரஷ்யா என்று போட்டுவிட்டான். அடையாள அட்டை அச்சாகி வந்த பிறகுதான் ஐவார்ஸ் கவனித்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "எல்லாம் ஒன்றுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "உன் அட்டையில் பிறந்த நாடு இங்கிலாந்து என்று போட்டால் வாங்கிக்கொள்வாயா?" என்று கேட்டார். மறுபடி விண்ணப்பம் போட்டு, மறுபடி கைரேகை வைத்து, சரியான அட்டை வரும்வரை துறைமுகத்துக்குள் போகாமல் இருந்தார். அப்போது அதை நான் பிடிவாதம் என்று நினைத்தேன்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் மகள் யாழினி செல்போனிலிருந்து தலை தூக்கினாள். பன்னிரண்டாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள். எங்களோடு தமிழில் பேசத் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள்.

"அப்பா, ஜப்பான் யாரோட ஃப்ரெண்ட்? ஜெர்மனியோட. ஸோ, ஐவார்ஸ் அங்கிள் தாத்தாவும் உங்க தாத்தாவும் ஒரே டீம்."

"அது வேற, இது வேற. உங்க கொள்ளுத் தாத்தா நம்ம நாட்டு விடுதலைக்காகப் போனார்."

"அங்கிளும் அதைத்தானே சொல்றார், ரஷ்யா வரக்கூடாதுன்னு போனாங்கன்னு?"

"இல்லை. அவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு சொல்றார்."

"அப்போ அங்கிள் தாத்தாவை ஃபோர்ஸ் பண்ணாங்க. நம்ம தாத்தா தானா போனார். யார் பெட்டர்?"

எனக்குக் கோபம் வந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி கல்பனாவின் குரல் வந்தது. "அவ கேக்கறதுல என்ன தப்பு? நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தான் கேக்கறேன்."

கல்பனாவுக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. அவளுடைய தாத்தாவின் தம்பி வேலுச்சாமியும் மலாயாத் தோட்டத்தில்தான் இருந்தார். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான் ராணுவம் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனதில் அவரும் போனார். காட்டில் காலராவிலோ பசியிலோ செத்தவர்களில் ஒருவர். எந்த இடம் என்றுகூட யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் தாத்தா படத்தைக் கூடத்தில் மாட்டப் போனபோது, "உங்க தாத்தா தோள்ல கைபோட்டு நின்னவன்தான் எங்க சின்னத் தாத்தாவைக் கொன்னான். நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டு சாப்பிட முடியாது" என்றாள். அன்றிலிருந்து படம் படுக்கையறை அலமாரிக்குள். இந்த விஷயத்தை நாங்கள் தீர்க்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

5

மனிதவளப் பிரிவின் தலைவி டிசூசா மேடம் மங்களூர்க்காரர். கெட்டவர் அல்ல. அவர் மேசையில் என் ஒப்பந்தப் புதுப்பிப்புத் தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இதை ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒப்பந்தம் போனால் விசா போகும். விசா போனால் மனைவி, மகள் விசாவும் போகும். பொதுத்தேர்வுக்கு முன்னால் யாழினியைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். என் வயதில் இன்னொரு கம்பெனி கூப்பிட்டு வேலை தராது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"அரே சேது, இது கப்பல் கம்பெனி. இப்போ ரஷ்யா பக்கம் சண்டை நடக்குது. இந்த ஆபிஸ்ல யாராவது அதைப் பத்தி வாயைத் திறக்கிறோமா? நீங்க போய் எண்பது வருஷத்துச் சண்டையைத் தோண்டி மேசையில வெச்சிருக்கீங்க."

"ஒரே ஒரு படம் வைக்கக் கேட்டார் மேடம். அப்படித்தான் ஆரம்பிச்சது."

"சரி, சிம்பிளா முடிங்க. மூணு படத்தையும் ஸ்கேன் பண்ணி முகம் மட்டும் வெட்டி வைங்க. தொப்பி வேண்டாம், காலர் வேண்டாம். கீழே 'யுத்தத்தில் துன்பப்பட்டவர்கள்'னு பொதுவா ஒரு வரி. முகத்துக்கு என்ன அரசியல்?"

"தொப்பியிலேயும் காலர்லேயும்தான் மேடம் விஷயமே இருக்கு."

"உங்களுக்குப் புரியலையா? உங்களைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

யாழினியும் முந்தின நாளே அதைத்தான் சொல்லியிருந்தாள். "க்ராப் பண்ணிடுங்கப்பா, ரெண்டு செகண்ட்." எல்லோருக்கும் அது சின்ன வேலை. நான் டிசூசா மேடத்திடம் எங்கள் தொழிலையே எடுத்துச் சொன்னேன். கப்பலில் அளந்த கணக்கும் கரைத் தொட்டியில் அளந்த கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்கிறோம்? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஒரு நல்ல எண்ணாகப் போடுகிறோமா? அப்படி ஒரு சர்வேயர் செய்தால் அன்றே அவனை வீட்டுக்கு அனுப்புவோம். கப்பல் கணக்கை அப்படியே எழுதுகிறோம். கரைக் கணக்கை அப்படியே எழுதுகிறோம். ஒப்பாதவர் ஆட்சேபக் கடிதம் கொடுக்கிறார். அதையும் சேர்த்துத் தைத்து அனுப்புகிறோம்.

"மூணு படமும் முழுசா இருக்கட்டும் மேடம். அவங்கவங்க தாத்தாவைப் பத்தி அவங்கவங்களே ரெண்டு வரி எழுதட்டும். ஒப்பாதவர் பக்கத்துல ஆட்சேபத்தை எழுதி ஒட்டட்டும். நான் எதையும் வெட்ட மாட்டேன்."

"எண்ணெய்க்குச் சரி. மனுஷங்களுக்குச் சரிவருமா?"

"எண்ணெய்க்கே இவ்வளவு நேர்மையா இருக்கோமே மேடம்."

அவர் என் தாளை எடுத்து இன்னொரு கோப்புக்கு அடியில் வைத்தார். "வியாழக்கிழமை முதலாளி வர்றார். அதுக்குள்ள அந்த மேசை சாதுவா இருக்கணும். கலாஸ், அவ்வளவுதான்."

6

இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். அதுவே எனக்கு ஆச்சரியம்.

வலேரி எழுதியது: 'ரீகா நகரை நாஜிகளிடமிருந்து விடுவிக்கும் போரில் உயிர் கொடுத்தார். அவர் உடல் அங்கேதான் இருக்கிறது.'

ஐவார்ஸ் எழுதியது: 'எங்கள் நாட்டை ஆக்கிரமித்த ஒரு ராணுவம் இவருக்கு இந்தச் சட்டையைப் போட்டது. மறுபடி ஆக்கிரமிக்க வந்த இன்னொரு ராணுவத்தோடு நடந்த சண்டையில் காணாமல் போனார்.'

என் தாத்தாவுக்கு நான் எழுதியது: 'இந்திய விடுதலைக்காக, ஜப்பானின் துணையோடு போரிட்ட படையில் இருந்தார்.'

மூன்றையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சிட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் வலேரி வந்தார்.

"'ஆக்கிரமிக்க வந்த' என்பதை எடு."

"அது அவர் எழுதியது கேப்டன். நீங்கள் ஆட்சேபம் எழுதுங்கள், பக்கத்தில் ஒட்டுகிறேன்."

"நான் உன் நண்பன் இல்லையா, சேது பாய்?"

"நண்பர்தான். எடுக்க மாட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் ஐவார்ஸ் வந்தார். "'விடுவிக்கும்' என்ற சொல் இருக்கும்வரை என் தாத்தா அந்த மேசையில் இருக்க முடியாது. அதை 'பிடிக்கும்' என்று மாற்று."

"மாற்ற மாட்டேன்."

"நீ அவன் பக்கமா?"

"அவரும் காலையில் இதைப் போலத்தான் கேட்டுவிட்டுப் போனார்."

அவர் சிரிக்கவில்லை. "உனக்கு இது ஒரு சுவாரசியமான விஷயம். அவ்வளவுதான்" என்றார். அது என்னைத் தைத்தது. அவர் போன பிறகும் என் மேசையில் வெகு நேரம் வேலை ஓடவில்லை. ஆனால் அதற்காகவும் நான் அந்தச் சொல்லை மாற்றவில்லை. பேரன் தன் தாத்தாவை என்னவாக நினைக்கிறான் என்பதை அவன்தான் எழுத முடியும். அது தவறென்றால் அருகிலேயே தவறு என்று எழுத இன்னொருவனுக்கு இடம் இருக்கிறது. இடையில் நின்று இரண்டு பேரின் வாயையும் துடைத்துவிடுகிறவன் நடுநிலைக்காரன் இல்லை. அவன் இருவரையும் பொய்யர்களாக்குகிறான்.

புதன்கிழமை ஆட்சேபக் கடிதம் வந்தது. ஒட்டுவதற்கு அல்ல, மனிதவளப் பிரிவுக்கு. ஒரே பக்கம். கீழே வலேரியின் கையெழுத்து, அதன் பக்கத்தில் ஐவார்ஸின் கையெழுத்து. மேசையை உடனே அகற்ற வேண்டும், இத்தகைய விஷயங்களில் புரிதல் இல்லாத திரு. சேதுராமனை இனி இதில் ஈடுபட விடக்கூடாது என்று இருவரும் ஒருமனதாகக் கேட்டிருந்தார்கள்.

முருகேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பெரிய பெரிய நாடெல்லாம் பேசிப் பாத்தும் முடியாததுண்ணே. ரெண்டு பேரையும் ஒரே காயிதத்துல கையெழுத்துப் போட வச்சுப்புட்டீங்களே!"

டிசூசா மேடம் என்னிடம் ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். 'நடந்தவற்றுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது' என்று இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"மாலை போட்டதுக்கு வருத்தம்னு எழுதுங்க மேடம், போடறேன். அந்த அட்டைக்கும் போடறேன். படத்தை வெட்டாததுக்குப் போட மாட்டேன்."

"யாழினி என்ன கிளாஸ் இப்போ?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கவலையாகத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு, அந்த வரியை அடித்துவிட்டு, கீழே 'படித்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

7

முதலாளி வந்து போனார். அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அதற்கு முன்பே மேசையை எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது தண்ணீர் இயந்திரம் நிற்கிறது. என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டித்திருக்கிறார்கள், பிறகு பார்க்கலாமாம். யாழினியின் தேர்வு அதற்கும் அப்பால்.

வலேரி என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். ஐவார்ஸும் அப்படித்தான். போன வாரம் இருவருக்கும் ஒரே டாங்கருக்குப் பாஸ் எடுக்க நேர்ந்தது. ஒரே ஏணியில் ஏறி, ஒரே தொட்டியை அளந்து, கப்பல் கணக்கும் கரைக் கணக்கும் ஒத்துப்போகாததால் முறைப்படி இரண்டையும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

என் தாத்தா படத்தை, நான் எழுதிய வரியோடு சேர்த்து, பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலமாரியைத் திறந்தபோது கல்பனா, "அதுக்குள்ள வேண்டாம். கூடத்துல மாட்டுங்க" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நிஜமாத்தான். ஆனா கீழ நான் எழுதுவேன்."

"நான்தான் எழுதியிருக்கேனே."

"அது நீங்க எழுதினது. நான் எழுத வேண்டியதை நான்தானே எழுதணும்? ஆபிஸ்ல ஊருக்கெல்லாம் அதைத்தானே சொன்னீங்க?"

யாழினியின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, ஒரு வெள்ளை அட்டையில் எழுதினாள். 'இவர் நின்ற படைக்குத் துணை நின்ற ஜப்பான் ராணுவம், சயாம் ரயில் போட எங்கள் சின்னத் தாத்தா வேலுச்சாமியைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. அவருக்குப் படம் இல்லை.'

படித்தேன். கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"தாத்தா ரயில் போடலையே, கல்பனா. படிக்கிறவங்க..."

"போட்டார்னு எங்க எழுதியிருக்கேன்? நின்னார்னுதானே எழுதியிருக்கேன். நிக்கலையா?"

"'துணை நின்ற' இல்லாம, வேற மாதிரி..."

அவள் ஆணியை எடுத்து நீட்டினாள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு வீடியோ அழைப்பு போடுவது எங்கள் வழக்கம். யாழினிதான் செல்போனைப் பிடித்திருந்தாள்.

"சின்னத் தாத்தா, பாருங்க. ஹால்ல மாட்டியாச்சு."

"அப்படிப் போடு! இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் உங்கப்பனுக்கு ரோஷம் வந்துச்சா?" சித்தப்பாவின் முகம் திரை முழுக்க மலர்ந்தது. "கீழ என்னமோ எழுதியிருக்கே. கண்ணாடி போடல நான். நீ படிடா கண்ணு."

யாழினிக்குத் தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். நான் தமிழில் மாற்றி எழுதி மாட்டியதை முதலில். சித்தப்பா தலையாட்டினார். பிறகு கல்பனா எழுதியதை. 'ஜப்பான் ராணுவம்' வரைக்கும் சித்தப்பா தலை ஆடிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகப் படித்ததால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. 'அவருக்குப் படம் இல்லை' என்று முடித்துவிட்டு, சரியாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் அம்மாவைப் பார்த்தாள்.

"சேதுகிட்டக் குடு" என்றார் சித்தப்பா.

வாங்கினேன்.

"எடுடா அதை."

"எதைச் சித்தப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காத. எங்கப்பா படத்துக்குக் கீழ மன்னார்குடிக் கதை எதுக்கு? நாட்டுக்காக ஜெயிலுக்குப் போன மனுஷனை ஆள்பிடிக்கிறவனோட சேத்து எழுதி வச்சிருக்கீங்க. நீ எழுதினியா, அவ எழுதினாளா?"

"அவதான் எழுதினா. ஆணி அடிச்சது நான்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"தாத்தா நாட்டுக்காகத்தான் போனார். அதுவும் அங்க எழுதியிருக்கு. வேலுச்சாமி போனதும் உண்மைதானே? நீங்களும் எழுதி அனுப்புங்க சித்தப்பா. எவ்வளவு கோபமா வேணும்னாலும் எழுதுங்க. அதையும் ஒரு எழுத்து மாத்தாம பக்கத்துலயே மாட்டறேன்."

"நான் எதுக்கு எழுதணும்? ஒரே கேள்வி. எடுப்பியா மாட்டியா?"

"எடுக்க மாட்டேன்."

"அப்ப இந்த வருஷம் லீவுல வந்து என் வாசப்படி ஏறாத."

திரை கறுத்தது. யாழினி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் தப்பாப் படிச்சிட்டேனாப்பா?"

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் படிச்சே."

கல்பனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.